கல்லாகச் சொன்னாரா எபிக்டெட்டஸ்?

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்கு 43 வயது. மருந்து மொத்த வியாபாரம் செய்கிறேன். பள்ளிக்கூட நாளிலிருந்து கூடவே இருந்த நண்பன்தான் பார்ட்னர். நான்கு வருஷத்துக்கு முன்பு அவன் கணக்கில் கைவைத்தது தெரியவந்து பிரிந்துவிட்டோம். அந்தச் சமயத்தில் தூக்கமே போய்விட்டது. அப்போதுதான் பழைய கிரேக்கர்களின் ஸ்டோயிக் தத்துவம் பற்றிய வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தேன். 'உன் கையில் இல்லாததைப் பற்றிக் கவலைப்படாதே' என்ற ஒரே வரி என்னைக் காப்பாற்றியது. இப்போது எனக்குக் கோபம் வருவதில்லை, பயமும் இல்லை. போன வருஷம் அம்மா தவறிப்போனார். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. எல்லாக் காரியத்தையும் நின்று நடத்தினேன், சொந்தக்காரர்கள் பாராட்டினார்கள். தங்கை மட்டும், 'அம்மா போனது உனக்கு உறைக்கவே இல்லையா அண்ணா?' என்று கேட்டாள். பத்தாவது படிக்கும் மகள், தோழி பேசுவதில்லை என்று அழுதபோது, 'அவள் மனசு உன் கட்டுப்பாட்டில் இல்லை, விடு' என்றேன். அதற்கப்புறம் அவள் என்னிடம் எதையும் சொல்வதில்லை. 'உங்ககிட்ட பேசுறதும் செவுத்துக்கிட்ட பேசுறதும் ஒண்ணுதான்' என்கிறாள் மனைவி. நான் முன்னேறியிருக்கிறேனா, இல்லை எதையோ தொலைத்துவிட்டேனா? கிரேக்கர்கள் சொன்ன அறவாழ்வு இதுதானா?

(ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர். பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை, அவர்கள் சொன்ன அறவாழ்வு இது இல்லை. அதற்காக நீங்கள் கற்றுக்கொண்டதெல்லாம் வீண் என்றும் நினைத்துவிடாதீர்கள். தூக்கம் தொலைந்த ராத்திரிகளில் ஒரு வரி உங்களைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. அது நல்ல வரி, உண்மையான வரி. அதைச் சொன்னவர் அதற்கு மேல் சொன்னது உங்களிடம் வந்து சேரவில்லை.

அந்த வரிக்குச் சொந்தக்காரர் எபிக்டெட்டஸ் என்ற ஸ்டோயிக் ஆசிரியர். கி.பி. 50-ஐ ஒட்டி, இன்றைய துருக்கியில் உள்ள ஹியராபொலிஸில் அடிமையாகப் பிறந்தவர். கால் ஊனம். ரோமில் நீரோ மன்னனின் அரண்மனையில் செல்வாக்கோடு இருந்த ஒருவருடைய வீட்டு அடிமையாக இருந்தபோதே தத்துவம் படித்தார். பிறகு விடுதலையாகி ஆசிரியரானார். டொமிஷியன் மன்னன் தத்துவவாதிகளை வெளியேற்றியதும், கிரேக்கத்தின் மேற்குக் கரையில் இருந்த நிக்கோபொலிஸுக்குப் போய்ப் பள்ளி நடத்தினார். அவர் நூல் எதுவும் எழுதவில்லை. அரியன் என்ற மாணவர் வகுப்பில் கேட்டதைக் குறித்துவைத்தார். அந்த 'உரைகள்' நான்கு புத்தகங்களாக நமக்குக் கிடைக்கின்றன. அவற்றின் சாரமாக அரியன் தொகுத்த சின்னக் கையேடு ஒன்றும் உண்டு. வீடியோக்களில் ஓடும் மேற்கோள்கள் பெரும்பாலும் அந்தக் கையேட்டில் உள்ளவை.

கையேட்டின் முதல் பத்தியில்தான் உங்கள் வரி வருகிறது. நம் கருத்து, நம் உந்துதல், நம் விருப்பு, நம் வெறுப்பு எல்லாம் நம் கையில் இருப்பவை. உடம்பு, சொத்து, பேர், பதவி இவையெல்லாம் நம் கையில் இல்லாதவை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டால் வாழ்க்கை முழுக்கப் புலம்பல்தான் என்கிறார். சரி. இதைக் கற்றபின் என்ன செய்வது? அங்கேதான் கையேடு கொஞ்சம் சிக்கனமாகப் பேசுகிறது, உரைகள் விரிவாகப் பேசுகின்றன.

உரைகளின் மூன்றாம் புத்தகம் இரண்டாம் அத்தியாயத்தில் அவர் மூன்று பயிற்சிகளைச் சொல்கிறார். முதலாவது, எதை விரும்புவது, எதை ஒதுக்குவது என்பது. நீங்கள் கற்றது இதைத்தான். இரண்டாவது, அடுத்தவர்களுக்கு நாம் செய்ய வேண்டியது. மூன்றாவது, அவசரத்தில் எதையும் உண்மை என்று ஒப்புக்கொண்டு ஏமாறாமல் இருப்பது. இதில் இரண்டாவதைச் சொல்லும்போது ஒரு வாக்கியம் வருகிறது. நீங்கள் எழுதிவைத்துக்கொள்ள வேண்டிய வாக்கியம் அதுதான்: நான் ஒரு சிலையைப் போல உணர்ச்சியற்று இருக்கக் கூடாது, பக்தி உள்ளவனாக, மகனாக, சகோதரனாக, தகப்பனாக, குடிமகனாக என் உறவுகளைக் காப்பாற்ற வேண்டும்.

அடிமையாகப் பிறந்து, தனக்கென்று எதுவும் இல்லாமல் வளர்ந்த மனிதர் சொல்கிறார் இதை. மகன், சகோதரன், தகப்பன். உங்கள் கடிதத்தில் அம்மா, தங்கை, மகள் என்று வருகிற அதே வரிசை. தத்துவப் பள்ளி என்பது ஒரு வைத்தியசாலை என்றும் அவரே ஓரிடத்தில் சொல்லியிருக்கிறார். மருந்து வியாபாரத்தில் இருப்பவர் நீங்கள். மூன்று மருந்து எழுதிய சீட்டில் முதல் மருந்தை மட்டும் வாங்கி, அதையே வருஷக்கணக்கில் சாப்பிட்டவருக்கு என்ன ஆகும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

மகள் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். தோழியின் மனசு அவள் கையில் இல்லை என்று நீங்கள் சொன்னது சரிதான். ஆனால் அந்த நேரத்தில் உங்கள் கையில் என்ன இருந்தது? அழுதுகொண்டு வந்த பெண் பக்கத்தில் உட்காருவது, என்னம்மா நடந்தது என்று கேட்பது, முழுதாகக் கேட்டு முடிப்பது. எபிக்டெட்டஸின் கணக்குப்படி இவைதான் முழுக்க முழுக்க உங்கள் கட்டுப்பாட்டில் இருந்தவை. கையில் இல்லாததை விட்டுவிட்டீர்கள், நல்லது. கையில் இருந்ததையும் சேர்த்து விட்டுவிட்டீர்கள்.

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நிக்கோபொலிஸ் பள்ளிக்கு இதற்கு நேர்மாறான ஆள் ஒருவர் வந்தார். அவர் கதையைச் சொன்னால் நான் எங்கே வருகிறேன் என்பது புரியும். உரைகள் முதல் புத்தகம், பதினோராம் அத்தியாயம்.

வந்தவர் ஓர் அரசு அதிகாரி. பேச்சுவாக்கில், குடும்பம் உண்டா, பிள்ளைகள் உண்டா என்று விசாரிக்கிறார் எபிக்டெட்டஸ். உண்டு என்கிறார் அவர். அதில் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், படாதபாடு படுகிறேன் என்கிறார். ஏன்? பிள்ளைகள் என்றால் எனக்கு உயிர், அதனால்தான். சமீபத்தில் என் சின்ன மகள் உடம்பு சரியில்லாமல் கிடந்தாள், பிழைக்க மாட்டாள் என்று பயந்தார்கள், அவள் பக்கத்தில் இருக்க என்னால் தாங்க முடியவில்லை, வீட்டைவிட்டு ஓடிவிட்டேன், தேவலை என்று யாரோ வந்து சொன்ன பிறகுதான் திரும்பினேன் என்கிறார். செய்தது சரியென்று நினைக்கிறீர்களா என்று ஆசிரியர் கேட்க, இயல்பாகத்தானே நடந்துகொண்டேன், எல்லாத் தகப்பன்களுக்கும் அப்படித்தானே இருக்கும் என்று பதில் வருகிறது.

எபிக்டெட்டஸ் அவரைத் திட்டவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போகிறார். குழந்தைமேல் அம்மாவுக்கும் பாசம் உண்டுதானே? உண்டு. அப்படியானால் அம்மாவும் ஓடியிருக்க வேண்டுமா? கூடாது. தாதிக்கும் அவள்மேல் பிரியம் உண்டா? உண்டு. அவளும் போயிருக்க வேண்டுமா? கூடாது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பணியாள்? அவனும் போகக் கூடாது. எல்லாரும் உங்களைப் போலவே பாசம் வைத்திருந்தால், அந்தப் பாசத்தினாலேயே அந்தக் குழந்தை, தன்மேல் அக்கறையே இல்லாதவர்கள் கையில் தனியாகக் கிடந்திருக்குமே? நாளை நீங்கள் படுத்துவிட்டால், மனைவியும் பிள்ளைகளும் இப்படிப் பாசம் காட்டி உங்களைத் தனியே விட்டுப் போவதை விரும்புவீர்களா?

அதிகாரியிடம் பதில் இல்லை. அவரை ஓடவைத்தது பாசமும் இல்லை, குழந்தையின் நோயும் இல்லை என்று காட்டுகிறார் எபிக்டெட்டஸ். தாங்க முடியாது என்று அவர் மனம் செய்துகொண்ட முடிவுதான் ஓடவைத்தது. உண்மையான பாசம் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காரவைத்திருக்கும்.

இந்த உரையாடலை வகுப்பில் படிக்கும்போதெல்லாம் என் மாணவர்கள் அந்த அதிகாரியை உணர்ச்சிவசப்பட்டவர் என்றும் எபிக்டெட்டஸை உணர்ச்சியற்றவர் என்றும் எடுத்த எடுப்பில் சொல்வார்கள். அடுத்த வாசிப்பில் மாற்றிக்கொள்வார்கள். ஸ்டோயிக்குகள் மன அமைதியை எதற்காகத் தேடினார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான பக்கம் எனக்குத் தெரியாது. அலறி ஓடாமல், நோயாளியின் பக்கத்தில் உட்காரும் திராணி வேண்டும் என்பதற்காகத்தான். அமைதி அங்கே வழி. போய்ச்சேர வேண்டிய இடம் அந்தக் குழந்தை.

நண்பரே, அந்த அதிகாரி வீட்டைவிட்டு ஓடினார். நீங்கள் வீட்டிலேயே இருந்துகொண்டு ஓடிவிட்டீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. வலி தாங்காமல் போனவர் அவர், வலியே வரக் கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டவர் நீங்கள். அழுதுகொண்டு நிற்கும் பெண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். அப்பா பக்கத்தில் இல்லை.

இனி அம்மாவின் சாவு. இதில் அவசரப்பட்டு எதையும் சொல்ல எனக்கு விருப்பமில்லை. கண்ணீர் வராததைத் தனியே ஒரு குற்றமாக நினைக்காதீர்கள். காரியம் நடத்துகிறவருக்கு அழ நேரம் இருக்காது. ஐயரைக் கூப்பிடுவது, பந்தலுக்குச் சொல்வது, வந்தவர்களுக்குக் காபி என்று ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ பேருக்கு மாதங்கள் கழித்து, அம்மாவின் கண்ணாடிக்கூட்டைப் பார்க்கும்போது உடைந்துபோகும். கண்ணீர் வராதது பாசம் இல்லை என்பதற்கு அத்தாட்சி இல்லை. அதேபோல, அது தத்துவத்தில் தேர்ச்சி பெற்றதற்கும் அத்தாட்சி இல்லை. சொந்தக்காரர்கள் பாராட்டியது உங்களை அந்த இரண்டாவது எண்ணத்தில் கொண்டு விட்டிருக்கிறது.

ஸ்டோயிக் ஞானி முகம் வெளுக்காதவர் என்ற எண்ணத்தைக் கலைக்க ஒரு பழைய கடல் பயணம் இருக்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோம எழுத்தாளர் ஔலஸ் கெல்லியஸ், கிரேக்கப் பக்கத்திலிருந்து இத்தாலிக்குக் கப்பலில் போகிறார். ராத்திரி முழுக்கப் புயல், கப்பலுக்குள் தண்ணீர். ஏதென்ஸில் பேர்பெற்ற ஸ்டோயிக் ஆசிரியர் ஒருவரும் அதே கப்பலில் இருக்கிறார். கெல்லியஸுக்கு ஓர் ஆவல்: இந்த மனிதர் இப்போது எப்படி இருக்கிறார்? தேடிப் பார்க்கிறார். மற்றவர்களைப் போலவே அவர் முகமும் வெளுத்துப்போயிருக்கிறது. புலம்பல் மட்டும் இல்லை.

கடல் அடங்கியதும் போய்க் கேட்கிறார். அந்த ஆசிரியர் தன் பையிலிருந்து எபிக்டெட்டஸின் உரைகளில் ஐந்தாம் புத்தகத்தை எடுத்துக் காட்டுகிறார். இன்று நம்மிடம் இல்லாத புத்தகம் அது. இடி விழும் ஓசை, கட்டடம் சரிவது, திடீரென்று வரும் கெட்ட செய்தி, இவற்றுக்கு ஞானியின் மனமும் ஒரு கணம் நடுங்கும், அவர் நிறமும் மாறும் என்று அதில் இருந்ததாம். யோசிக்க நேரம் கிடைப்பதற்கு முன்பே வந்துவிடும் அசைவு அது. அதற்குப் பிறகு, 'ஐயோ, எல்லாம் போச்சு' என்று மனசு ஒப்புக்கொள்கிறதா இல்லையா என்பதில்தான் ஞானிக்கும் மற்றவருக்கும் வித்தியாசம்.

ஆக, வெளுத்த முகத்துக்கும் படபடக்கும் நெஞ்சுக்கும் ஸ்டோயிக்குகள் இடம் வைத்திருந்தார்கள். நல்ல உணர்ச்சிகள் என்று ஒரு பட்டியலும் வைத்திருந்தார்கள்: மகிழ்ச்சி, எச்சரிக்கை, நன்மை விரும்பும் மனம். அன்பும் பிரியமும் இந்த மூன்றாவதன் கீழேதான் வரும். ஸ்டோயிக் வழியைப் பின்பற்றிய ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் தன் குறிப்பேட்டின் முதல் புத்தகத்தில், தனக்குக் கற்பித்த செக்ஸ்டஸ் என்பவரை நினைவுகூரும்போது, மனக்கொந்தளிப்பே இல்லாதவர், அதே சமயம் அன்பு நிறைந்தவர் என்று ஒரே மூச்சில் எழுதுகிறார். அவருக்கு அந்த இரண்டும் முரணாகப் படவே இல்லை.

ஆனால் உங்களிடம் ஒன்றை மறைக்கக் கூடாது. ஸ்டோயிக்குகளின் அந்த நல்ல பட்டியலில் துக்கம் கிடையாது. ஆசைக்கும் பயத்துக்கும் இன்பத்துக்கும் நல்ல வடிவம் ஒன்று உண்டு என்றவர்கள், துக்கத்துக்கு மட்டும் அப்படி ஒரு வடிவம் இல்லை என்றார்கள். அம்மா இறந்தது கெடுதல் என்று நினைப்பதே தவறான தீர்ப்பு என்பது அவர்கள் கொள்கை. அவர்களை எவ்வளவோ மதிக்கும் நான் இந்த இடத்தில் அவர்களோடு போவதில்லை.

போகாததற்கு எனக்குத் துணை கிராண்டோர். ஸ்டோயிக் பள்ளி ஏதென்ஸில் வளர ஆரம்பித்த அதே காலத்தில், பிளேட்டோ நிறுவிய அகாடமியில் இருந்தவர். பிள்ளைகளைப் பறிகொடுத்த ஹிப்போக்ளிஸ் என்ற நண்பருக்காகத் துயரம் பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். புத்தகம் தொலைந்துவிட்டது. ஆனால் அதன் ஒரு பகுதியை ரோம எழுத்தாளர் சிசரோ காப்பாற்றி வைத்திருக்கிறார். கி.மு. 45-இல் சிசரோவின் ஒரே மகள் டுல்லியா இறந்துபோனாள். துக்கத்தைப் பற்றி யார் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கிடைத்ததையெல்லாம் படித்தார் அவர். அந்த வருஷமே எழுத ஆரம்பித்த நூலில்தான் கிராண்டோரின் வார்த்தைகள் வருகின்றன. அவற்றின் கருத்து இது: நோய் வராமல் இருந்தால் நல்லது. வந்துவிட்டால், என் உடம்பில் எதையாவது அறுத்தாலும் பிடுங்கினாலும், எனக்கு உணர்ச்சி இருக்கட்டும். வலியே இல்லை என்ற நிலைக்குக் கொடுக்க வேண்டிய விலை பெரிது. மனத்தில் முரட்டுத்தனம், உடம்பில் மரத்துப்போதல்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. பிற்காலத்து ஸ்டோயிக் தலைவர்களில் ஒருவரான பனேட்டியஸ், எதிர்ப் பள்ளிக்காரர் எழுதிய இந்தச் சின்னப் புத்தகத்தை வார்த்தைக்கு வார்த்தை மனப்பாடம் செய்யும்படி தன் நண்பர் ஒருவருக்குச் சொன்னாராம். அதையும் சிசரோதான் குறிப்பிடுகிறார். தங்கள் கொள்கையில் துக்கத்துக்கு இடம் இல்லாத இடத்தில், ஒரு ஸ்டோயிக் ஆசிரியரே பக்கத்துப் பள்ளியிலிருந்து மருந்து வாங்கிக் கொடுத்திருக்கிறார். நீங்களும் தாராளமாக வாங்கிக்கொள்ளலாம்.

இனி வியாபார நண்பருக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் அவருக்கு நீங்கள் கொடுத்த இடம் இரண்டே வாக்கியம். பள்ளிக்கூட நாளிலிருந்து கூட இருந்தவர், கணக்கில் கைவைத்தார், பிரிந்தோம். அவ்வளவுதான். எனக்கு அந்த இரண்டு வாக்கியத்தில்தான் மனசு போய் நிற்கிறது. அம்மாவையும் மகளையும் பற்றி நீங்கள் எழுதியதெல்லாம் அதற்குப் பின்னால் நடந்தவை.

கோபம் வருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அரிஸ்டாட்டில் இதைக் கேட்டிருந்தால் உடனே பாராட்டியிருக்க மாட்டார். அவருக்கு அறம் என்பது உணர்ச்சியை ஒழிப்பது இல்லை. சரியான விஷயத்துக்கு, சரியான ஆளிடம், சரியான நேரத்தில், சரியான அளவில் உணர்வதுதான். கோபப்படுவது யாராலும் முடியும், இந்த அளவுகளோடு கோபப்படுவதுதான் கஷ்டம் என்கிறார் 'நிக்கோமாக்கிய அறவியல்' இரண்டாம் புத்தகத்தில். நான்காம் புத்தகத்தில் கோபத்துக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. கோபப்பட வேண்டியதற்குக் கோபப்படாதவர்களையும் அவர் குறையுள்ளவர்களாகத்தான் பார்க்கிறார். தனக்கோ தன்னைச் சேர்ந்தவர்களுக்கோ நடக்கும் அவமானத்தைப் பொறுத்துக்கொண்டு போவது அடிமைக் குணம் என்று கடுமையாகவே சொல்கிறார்.

அதே அத்தியாயத்தில் சட்டென்று கோபப்பட்டுச் சட்டென்று தணிகிறவர்களைப் பற்றிப் பேசிவிட்டு, இன்னொரு வகைக்கு வருகிறார். கோபத்தை வெளியே காட்டாமல் உள்ளே வைத்துக்கொள்பவர்கள். அது வெளியே தெரியாததால் யாரும் அவர்களிடம் வந்து சமாதானம் பேசுவதில்லை. தனக்குள்ளேயே கோபத்தைச் செரித்துக்கொள்ள வெகுநாள் ஆகும். இப்படிப்பட்டவர்கள் தங்களுக்கும், தங்களுக்கு மிக நெருங்கியவர்களுக்கும்தான் அதிகத் தொல்லையாக இருப்பார்கள் என்கிறார்.

இந்தப் பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்துப் பாருங்கள். ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு உங்கள் மனசை முழுதாக அறிந்ததாக நான் சொல்ல முடியாது. ஆனாலும் என் ஊகத்தைச் சொல்கிறேன். உங்களுக்குக் கோபம் போகவில்லை. முப்பது வருஷ நட்பில் ஒருவன் கைவைத்ததற்கு வர வேண்டிய நியாயமான கோபம், அன்றைக்கு வராமலே உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. அதன்மேல் ஒரு மூடியைப் போட நல்ல வரி ஒன்று கிடைத்தது. மூடி கோபத்தை மட்டும் மூடும் என்று நினைத்தீர்கள். அது அம்மாவின் துக்கத்தையும் மகள்மேல் உள்ள பரிவையும் சேர்த்து மூடிவிட்டது.

இன்னொன்று. ஸ்டோயிக்குகளுக்கு அறங்கள் நான்கு: விவேகம், துணிவு, நீதி, அடக்கம். வீடியோக்கள் துணிவையும் அடக்கத்தையும் பற்றி மணிக்கணக்கில் பேசும். நீதி என்ற சொல்லே பல வீடியோக்களில் வருவதில்லை. சொத்து என் கையில் இல்லை என்று எபிக்டெட்டஸ் சொன்னதற்கு, திருடியவனை அப்படியே விட்டுவிடு என்று அர்த்தம் இல்லை. கேட்பது என் கையில் இருக்கிறது, கிடைப்பது இல்லை, அவ்வளவுதான். ஆடிட்டரிடம் அந்தக் கணக்கை ஒருமுறை முழுதாகக் காட்டினீர்களா? வக்கீல் மூலம் நோட்டீஸ் அனுப்பினீர்களா? இத்தனை வருஷத்துக்கு அப்புறம் சட்டப்படி என்ன மிச்சம் இருக்கிறது என்பதை வக்கீல்தான் சொல்ல வேண்டும், கேட்டுவிடுங்கள். பணம் வராமலே போகலாம். இது தப்பு, இது எனக்கு நடந்தது என்று ஒரு காகிதத்திலாவது நீங்கள் எழுதியிருப்பீர்கள்.

மகளிடம் போகும்போது விளக்கம் எதுவும் வேண்டாம். அன்றைக்குச் சொன்னதற்கு நியாயம் சொல்லவும் வேண்டாம். அந்தத் தோழி விஷயம் என்ன ஆச்சும்மா என்று கேளுங்கள், கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். முதல் நாள் ஒன்றுமில்லைப்பா என்பாள். அப்புறமும் கேளுங்கள். வீடு கட்டிக் கட்டித்தான் கொத்தனார் ஆகிறோம், நியாயமானதைச் செய்து செய்துதான் நியாயமானவர் ஆகிறோம் என்று அரிஸ்டாட்டில் சொன்னது இதற்கும் பொருந்தும். உணர்ச்சி முதலில் வரட்டும், பிறகு பக்கத்தில் உட்காருகிறேன் என்று காத்திருக்காதீர்கள். உட்காருங்கள், வர வேண்டியது பின்னால் வரும். தங்கைக்கும் இதே வழிதான். அம்மாவைப் பற்றிப் பேச அவளுக்கு இந்த உலகத்தில் மிச்சம் இருக்கும் ஒரே அண்ணன் நீங்கள்.

இடையில் ஒரு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். இந்த மரத்துப்போன நிலையோடு, தூக்கம் கெடுவது, பசி இல்லாமல் போவது, எதிலும் பிடிப்பே இல்லாதது, வாழ்வதில் அர்த்தமில்லை என்ற நினைப்பு, இவற்றில் எதுவாவது சேர்ந்திருந்தால் தயவுசெய்து மனநல மருத்துவரைப் பாருங்கள். அங்கே புத்தகம் மட்டும் போதாது. எபிக்டெட்டஸ் பள்ளியை வைத்தியசாலை என்றது உண்மையான வைத்தியரை ஒதுக்கிவைக்க இல்லை.

வாசிப்புக்கு வருவோம். வீடியோக்களைக் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு, எபிக்டெட்டஸின் உரைகளில் நான் சொன்ன இரண்டு அத்தியாயங்களைப் படியுங்கள். அதற்கப்புறம் அரிஸ்டாட்டில். அவரை முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டாம். எட்டாம், ஒன்பதாம் புத்தகங்களில் தொடங்குங்கள். பத்துப் புத்தகங்கள் கொண்ட அறவியல் நூலில் இரண்டை நட்புக்கே கொடுத்திருக்கிறார். மற்ற எல்லா நன்மையும் இருந்தாலும், நண்பர்கள் இல்லாமல் வாழ யாரும் விரும்ப மாட்டார்கள் என்றுதான் பேச்சையே ஆரம்பிக்கிறார். அந்த நட்பில் தாய்-பிள்ளை, கணவன்-மனைவி உறவும் அடக்கம்.

அதில் உங்கள் பழைய நண்பரையும் காண்பீர்கள். பயனுக்காகப் பழகுவது, இன்பத்துக்காகப் பழகுவது, ஒருவரின் நல்ல குணத்துக்காகவே பழகுவது என்று மூன்று வகையாகப் பிரிக்கிறார் அரிஸ்டாட்டில். புகாரும் மனக்கசப்பும் பெரும்பாலும் முதல் வகையில்தான் வரும் என்கிறார். சேர்ந்து உப்புத் தின்னாமல் ஒருவரை ஒருவர் அறிய முடியாது என்ற பழமொழியையும் எடுத்துச் சொல்கிறார். பள்ளிக்கூட நட்பு எந்த இடத்தில் வியாபார நட்பாக மாறியது என்று உங்களையே கேட்டுப் பார்க்க அந்தப் பக்கங்கள் உதவும்.

ஒன்பதாம் புத்தகத்தின் மூன்றாம் அத்தியாயத்தில், கெட்டுப்போன நண்பனை என்ன செய்வது என்ற கேள்வி வருகிறது. திருந்தக்கூடியவன் என்றால் அவன் குணத்தை மீட்க உதவ வேண்டும், முடியாது என்றால் பிரிவதில் தவறில்லை என்கிறார். பிரிந்த பிறகும், எப்போதுமே நண்பனாக இல்லாத ஒருவனைப் போல அவனை நடத்த வேண்டுமா? அப்படி இல்லை, பழகிய நாட்களை நினைத்து அவனுக்கென்று ஏதோ கொஞ்சம் வைக்க வேண்டும், கொடுமை எல்லை மீறிப் போனால் தவிர. உங்கள் நண்பர் அந்த எல்லையைத் தாண்டினாரா என்பது உங்களுக்குத்தான் தெரியும். அதை முடிவு செய்ய, நடந்ததை ஒருமுறையாவது யாரிடமாவது ஆரம்பத்திலிருந்து கடைசிவரை சொல்லியாக வேண்டும். மனைவியிடம் சொல்லியிருக்கிறீர்களா என்று கடிதத்தில் இல்லை. சொல்லவில்லை என்றால் இந்த ஞாயிற்றுக்கிழமை அவரிடம் உட்கார்ந்து சொல்லுங்கள். எவ்வளவு பணம் போனது என்பதை மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். அந்தக் கணக்குப் புத்தகத்தைப் பார்த்த அன்றைக்கு உங்களுக்கு எப்படி இருந்தது என்பதையும் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் தத்துவ ஆசிரியர்